ஓட்ஸ் திராட்சை பிஸ்கட்டில் என்ன சத்து?

ருசிக்காக விற்கும் பண்டத்தை வாயைத் திறக்காமலே விற்றுவிடலாம். சத்துக்காக விற்கும் பண்டத்துக்குத்தான் விற்கிறவரின் தொண்டைத் தண்ணீர் வற்ற வேண்டும்.

இன்ஷூரன்ஸ் பாலிசி, தலைவலித் தைலம், பல்பொடி என்று ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெயிலில் படியேறி இறங்கியவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். நானும் உங்கள் கட்சிதான். நாம் பேசப் பேச எதிரே இருப்பவர் கொட்டாவியை அடக்குகிற அந்த முகம் இருக்கிறதே, அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் மனையியல் படித்து முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, வீட்டில் சும்மா இருந்தேன். எங்கள் சர்ச்சுக்கு வரும் ஞானமுத்து என்பவர் டவுனில் பேக்கரி வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார மிஷன் அம்மாள், தன் பெரிய அடுப்பை அவருக்குக் கொடுத்தபோது கூடவே ஒரு பிஸ்கட் செய்யவும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தகர டின்னில் வரும் ஓட்ஸும் உலர்ந்த திராட்சையும் போட்ட பிஸ்கட். பார்க்க மேடும் பள்ளமுமாக, வெந்தும் வேகாதது போல இருக்கும். பக்கத்துத் தட்டில் பன்னும் ரஸ்க்கும் காலியாகிக்கொண்டே இருக்க, இது மட்டும் அனாதையாகக் கிடக்கும். "ருசின்னு சொன்னா எவனும் வாங்க மாட்டேங்குறான். சத்துன்னு சொல்லி வித்துப் பாப்போம். நீ படிச்ச புள்ள, வந்து சொல்லு" என்று முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். காலையில் டின்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்ச் சத்தைப் பற்றிப் பேச வேண்டும். மாலையில் கடையில் நின்று அதே பேச்சைப் பேச வேண்டும். ஒரே மாதத்தில் என் அம்மா அப்பா வைத்த ஜெயராணி என்ற பெயர் மறைந்து, எல்லோருக்கும் 'சத்து டீச்சர்' ஆகிவிட்டேன்.

எந்தப் பறவை?

சேர்ந்த வாரமே முதலாளி, தமிழில் ஒரு போர்டு எழுதி கண்ணாடி அலமாரியில் ஒட்டச் சொன்னார். ஓட்ஸுக்குத் தமிழில் என்ன என்று யோசித்தேன். கல்லூரியில் படித்த ஏதோ ஒரு புத்தகத்தில் 'காடைக்கண்ணி' என்று பார்த்த ஞாபகம். படித்த படிப்பு வீணாகக் கூடாதே! 'காடைக்கண்ணி திராட்சை சத்து பிஸ்கட்' என்று பெரிய எழுத்தில் எழுதி, சுற்றிலும் பூ வரைந்து ஒட்டினேன். மாசி வீதிப் பக்கமிருந்து தினமும் வந்து, முட்டை போடாத ரொட்டிதானா என்று கேட்டுக் கேட்டு வாங்கும் ஒரு பெரியவர் அன்று வந்தார். போர்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். கையில் வாங்கியிருந்த ரொட்டியை மெதுவாகத் திரும்ப மேஜைமேல் வைத்தார். "காடைக்குக் கண்ணி வைக்கிறவன நான் பாத்திருக்கேம்மா. புடிச்ச காடையக் காயவச்சு பிஸ்கட்டுல ஒளிச்சு விக்கிற கடைய இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

அது பறவை இல்லை, தானியம் என்று நான் சொன்னேன். தானியத்துக்கு எதுக்கும்மா காடைன்னு பேரு என்று கேட்டார். அது எனக்கும் தெரியாது. அவர் போன கையோடு முதலாளி போர்டைக் கிழித்துவிட்டு, 'ஓட்ஸ்' என்றே எழுதச் சொன்னார். ஒரு வாரம் அந்தப் பெரியவர் கடைப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தார். வாசலில் நின்றபடியே புதுப் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, உள்ளே காலெடுத்து வைக்காமல் கேட்டார்: "இப்ப இது எந்தப் பறவைம்மா?"

சோழவந்தானில் ஒரு நல்ல மாணவர்

சோழவந்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை. முன்பக்கம் வெற்றிலைக் கட்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி அடுக்கியிருப்பார்கள். வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து வருகிறவர்கள், டவுனுக்குப் போகிறவர்கள் என்று எப்போதும் நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் பேச ஆரம்பித்ததும் அந்த நாலு பேரும் பஸ் வந்துவிட்டது போல நகர்ந்துவிடுவார்கள். கடைக்காரரின் தகப்பனார் மட்டும் சாக்கின் மேல் உட்கார்ந்து, கையைக் காதுக்குக் கொடுத்துக் கேட்பார். "நார்ச்சத்துன்னா என்ன தாயி?" "வயித்தைச் சுத்தமா வச்சிருக்கும் அய்யா." "இரும்புச் சத்துன்னு சொன்னியே, அது?" "திராட்சையில இருக்கு. ரத்தம் ஊறும்." "ஓட்ஸுல?" "ஓட்ஸுல புரதம் இருக்கு. உடம்பு தளராது." ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இப்படிக் கேட்கிற ஓர் ஆள் கிடைக்க மாட்டாரா என்றுதான் நான் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன். சந்தோஷத்தில் டின்னைத் திறந்து, உள்ளதில் பெரியதாகப் பார்த்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் வாயைத் திறந்து காட்டினார். ஒரு பல்கூட இல்லை. "இருக்கட்டும், வழி இருக்கு" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து வெற்றிலை இடிக்கிற சின்ன இரும்பு உரலை எடுத்தார். பிஸ்கட்டை உடைத்து அதில் போட்டு, உலக்கையால் டொக் டொக்கென்று இடித்தார். உரலில் காலையில் இடித்த பாக்கும் சுண்ணாம்பும் மிச்சம் ஒட்டியிருந்தது எனக்குத் தெரிந்தது. சொல்ல வாய் எடுப்பதற்குள் அவர் எல்லாவற்றையும் வழித்து வாயில் அடக்கிக்கொண்டார். கண்ணை மூடி வெகுநேரம் மென்றார். நான் ஆவலோடு பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கண்ணைத் திறந்து சொன்னார்: "சத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு தாயி. போயிலைதான் கொஞ்சம் கொறையுது."

என் நாக்கு

எங்கள் அடுப்பு மாஸ்டர் காதர் பாய். மாவு பிசைந்ததும் ஒரு சிட்டிகை கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து, தலையசைத்தால்தான் தட்டு அடுப்புக்குள் போகும். அந்தத் தலையசைப்புக்கு மேல் முதலாளிகூட ஒன்றும் சொல்ல மாட்டார். நோன்பு மாதம் வந்தது. பாய் பகலில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவர். மாவை எப்படி ருசி பார்ப்பார்? "சத்து டீச்சர் இருக்குல்ல, அது பாக்கட்டும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். முதல் நாள் ருசி பார்த்தேன். "இனிப்பு கொஞ்சம் தூக்கல் பாய்" என்றேன். சீனியைக் குறைத்தார். மறுநாளும் "இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் பாய், திராட்சையிலேயே சர்க்கரை இருக்கு" என்றேன். குறைத்தார். அடுத்த நாள் "வனஸ்பதியையும் குறைச்சா உடம்புக்கு நல்லது" என்றேன். படித்த பிள்ளை சொல்கிறது என்று அதையும் குறைத்தார். வாரக் கடைசியில் தட்டிலிருந்து எடுத்த பிஸ்கட்டுகள் ஒன்றோடொன்று இடித்தபோது ஓட்டுச் சில்லுகள் போலச் சத்தம் கேட்டது.

வாங்கிப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். முதலாளி என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். பாய் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தாளில் மடித்து வைத்துக்கொண்டார். சாயங்காலம் பள்ளிவாசல் சங்கு ஊதியதும் பேரீச்சம்பழம் சாப்பிட்டு, கஞ்சி குடித்துவிட்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் அந்தப் பிஸ்கட்டைக் கடித்தார். கடித்தது உடையவில்லை. கடைவாய்க்குத் தள்ளி மறுபடி கடித்தார். மென்றார். தண்ணீர் குடித்தார். மேலே பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். "விடியக்காலையிலேர்ந்து பட்டினி கெடந்தவனுக்கே இது எறங்கல மொதலாளி. நாளைலேர்ந்து வேற யாரையாச்சும் ருசி பாக்கச் சொல்லுங்க. இந்தப் பொண்ணு நாக்குல காலேஜு ஒட்டிக்கிட்டு இருக்கு."

மாட்டுக்கும் மானத்துக்கும்

அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமத்தில் பேச்சியம்மா என்று ஒரு அக்கா இருந்தார். நல்ல உயரம், காதில் பெரிய கம்மல், யாரையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிற பேச்சு. அவருக்குச் சொந்தமாக ஒரு ஜல்லிக்கட்டுக் காளை. புருஷன் இருக்கும்போது வளர்த்த வம்சத்தில் வந்த காளை என்பதால் உயிரையே வைத்திருந்தார். நான் அந்த ஊர்க் கடையில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "இம்புட்டுச் சத்து இருக்குன்னு சொல்றியே, மாட்டுக்குக் குடுக்கலாமா?" என்றார். வெளிநாட்டில் ஓட்ஸைக் குதிரைக்குத்தான் போடுவார்கள் என்று படித்திருந்தேன், அதைச் சொன்னேன். "குதிரை திங்கிறத மாடு திங்காதா?" என்று உடைந்து நொறுங்கின பிஸ்கட்டையெல்லாம் ஒரு டின்னில் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த ஊர் பஸ்ஸில் போனாலே எங்கிருந்தோ அவர் குரல் கேட்கும்: "சத்து டீச்சர், நொறுங்கல் இருக்கா?" காளை டின் சத்தம் கேட்டாலே மாட்டுக் கொட்டத்திலிருந்து தலையை நீட்டுகிறதாம். மேல் தோல் மினுமினு என்று ஆகிவிட்டதாம். எனக்கோ ஒரே பெருமை. எங்கள் பிஸ்கட்டின் சத்தை மனப்பூர்வமாக ஒப்புக்கொண்ட ஜீவன் மதுரை ஜில்லாவிலேயே அது ஒன்றுதான்.

பொங்கல் கழிந்தது. ஜல்லிக்கட்டு என்ன ஆயிற்று என்று கேட்க ஆசையாகப் போனேன். பேச்சியம்மா முகமே சரியில்லை. "மாடு பிடிபட்டுருச்சா அக்கா?" என்று பயந்து பயந்து கேட்டேன். "எவன் புடிச்சான்? ஒரு பய தொடல!" என்றார். "அப்ப நல்லதுதானே?" என்றேன். வெடித்துவிட்டார். காளை என்றால் வாடிவாசலை விட்டு வந்து நின்று, சுற்றிச் சுற்றிப் பாய்ந்து, யாரையும் கிட்டே விடாமல் விளையாட வேண்டும், அதற்குத்தான் பேர். வெளியில் மாட்டைப் பிடித்துக் கட்டுகிற இடத்தில் இவர் மாட்டைக் கூப்பிடுவதற்காக டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். யாரோ இடித்ததில் டின் குலுங்கிவிட்டது. அவ்வளவுதான், காளை கூட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேர்கோடு போட்ட மாதிரி ஓடிவந்து டின்னுக்கு முன்னால் நின்றுவிட்டது. ஊரே சிரித்திருக்கிறது. மைக்கில் பேசினவன் வேறு ஏதோ சொல்லியிருக்கிறான். என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் தளும்பச் சொன்னார்: "நின்னு வெளையாண்டு பேரு வாங்க வேண்டிய மாட்ட, பிஸ்கட்டுக்கு வாலாட்டுற நாய்க்குட்டியா ஆக்கிப்புட்டியே டீச்சர்!"

சாக்பீஸ்

ஒரு மிஷன் பள்ளி ஹாஸ்டலில் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பிஸ்கட் கொடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. கிடைத்தால் எங்கள் கடை தொடங்கியதிலிருந்து வந்ததிலேயே பெரிய ஆர்டர். "இத மட்டும் முடிச்சிட்டு வா. ஒன்னய பெர்மனென்ட் ஆக்கிடுறேன்" என்று முதலாளி ஜெபம் செய்து அனுப்பினார். அரசாங்க வேலை வருமா வராதா என்று வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த காலம். அந்த வேலை எனக்கு ரொம்பத் தேவையாக இருந்தது. தலைமையாசிரியை கணக்கு டீச்சர். வெள்ளைக் கைத்தறிச் சேலை, இறுகப் பின்னிய கொண்டை. நான் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சத்து சத்துன்னு சொல்றீங்க. நூறு பங்குல எது எது எத்தனை பங்கு? வாங்க, போட்டுக் காட்டுங்க" என்று பக்கத்து வகுப்புக்கு அழைத்துப்போனார். பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். என் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்துவிட்டு, முதல் பெஞ்சில் மாணவி மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

கரும்பலகையில் பிஸ்கட் மாதிரி ஒரு பெரிய வட்டம் போட்டேன். செய்முறை எனக்கு மனப்பாடம். ஆனால் அதை அதுவரை இப்படிப் படமாகப் போட்டுப் பார்த்ததே இல்லை. சீனிக்கு ஒரு துண்டு பிரித்தேன். வனஸ்பதிக்கு ஒரு துண்டு. இரண்டும் சேர்ந்து வட்டத்தில் பாதியைத் தொட்டுவிட்டது. மைதாவுக்கு ஒரு பெரிய துண்டு. மிச்சம் இருந்த சின்ன இடத்தில்தான் ஓட்ஸும் திராட்சையும் ஒண்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கை ஒரு நிமிஷம் நின்றது. கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் அவருக்கு எங்கே தெரியப்போகிறது? ஆனால் அந்த வகுப்புச் சுவரில் பிள்ளைகள் தங்கள் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் பேர் எழுதி வைத்திருந்தார்கள். எல்லாம் இடுப்பு உயரத்துக்குத்தான் இருந்தது. கோட்டை எங்கே போட வேண்டுமோ அங்கேயே போட்டேன். "ஓட்ஸ் இம்புட்டுத்தானா?" என்றார் தலைமையாசிரியை. "இம்புட்டுத்தான் டீச்சர்" என்றேன்.

அவர் எழுந்து வந்து வட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, டஸ்டரை எடுத்துத் தானே அழித்தார். "தினசரிக்கு நிலக்கடலை உருண்டை போதும். ஆனா பிள்ளைங்க வீட்ட விட்டுட்டு வந்து இருக்குதுங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்ததும் ஆளுக்கொரு பிஸ்கட் குடுப்போம், சத்துக்கு இல்ல, சந்தோஷத்துக்கு" என்றார். ஏழு நாள் ஆர்டர் ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது. கடைக்குத் திரும்பி முதலாளியிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்பார் என்று நினைத்து நின்றேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பிச் சத்தம் போட்டார்: "காதர் பாய், அடுத்த தடவ இந்தப் புள்ளைய அனுப்புறதுன்னா சாக்பீஸ் இல்லாத எடமாப் பாத்து அனுப்பணும்!"

ஆறியதும் ஆறாததும்

ஆனையூரிலிருந்து சைக்கிளில் வருவார் சொக்கலிங்கம் சார். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். வாரா வாரம் ஒரு பொட்டலம் ஓட்ஸ் பிஸ்கட். கடையில் இந்தப் பிஸ்கட்டை யாரும் வற்புறுத்தாமல் வாங்கிய ஒரே மனிதர் என்பதால் அவருக்கு நான் நாற்காலியே போட்டுக் கொடுப்பேன். ஒருநாள் அவர் மனைவி கூடவே வந்தார். சார் சைக்கிளைப் பூட்டுகிற சாக்கில் வெளியிலேயே நின்றுவிட்டார். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் சத்து டீச்சரா? அவுகளுக்குச் சக்கரை வியாதிம்மா. காப்பிக்குச் சீனி கெடையாது, சோறு அளந்துதான். நீங்க சொன்னீகன்னு இந்த ஆஸ்பத்திரி பிஸ்கட்ட மட்டும் குடுக்குறேன். ஆனா கால்ல பட்ட புண்ணு ஆறவே மாட்டேங்குது. தெனமும் மூத்திரத்துல மருந்துத் தண்ணிய ஊத்திக் காய்ச்சிப் பாக்குறேன், நீலமா இருக்க வேண்டியது செங்கல் நெறத்துக்கு வந்து நிக்குது. எனக்குத் தெரியாம வேற எங்கயோ எதையோ திங்கிறாக. என்னான்னு நீங்களாச்சும் கேட்டுச் சொல்லுங்கம்மா" என்றார்.

நான் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். சார் சைக்கிள் பெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் துணிக்கட்டு. நான் அவரிடம் சர்க்கரைக்காரர்கள் சாப்பிடலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. என் பேரை வைத்து வீட்டில் ஒரு ராஜ்யமே நடத்தியிருக்கிறார். அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. ஆனால் அந்தத் துணிக்கட்டு. "அம்மா, இதுல சீனி இருக்கு, மைதா இருக்கு. திராட்சையே பாதிக்கு மேல சர்க்கரைதான். அவங்களுக்கு இது ஆகவே ஆகாது" என்றேன். அந்த அம்மா என் கையை விட்டுவிட்டார். வாசலுக்குப் போய், சத்தம் போடப்போகிறார் என்று நான் பயந்தபோது, அந்தத் துணிக்கட்டையே பார்த்துக்கொண்டு அழுதார். சார் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "சர்வீஸ் பூரா ஒரு கடுதாசியக்கூட நான் வேத்தாள் கையில குடுத்ததில்லம்மா. நீ என்னய இப்புடிக் குடுத்துட்டியே" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு மனைவியின் பின்னால் நடந்தார்.

பிறகு பல மாதங்கள் அவரைக் காணோம். அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு சனிக்கிழமை சைக்கிள் பெல் கேட்டது. இரண்டு காலிலும் செருப்புப் போட்டு, நிமிர்ந்து நடந்து வந்தார். கூடவே அந்த அம்மா, சிரித்த முகமாக. மாதத்துக்கு ஒரு தடவை பிஸ்கட் தின்னலாம், அதுவும் தான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் என்று அந்த அம்மாவே டாக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தாராம். சார் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் முன்னால் நீட்டிக் காட்டிவிட்டு, முறைப்போடு சொன்னார்: "புண்ணு ஆறிருச்சு. ஒம்மேல இருக்க கோவம் இன்னும் ஆறல. அரைப் பிஸ்கட்டு குடு."

தரைப்பாலம்

அது ஐப்பசி மழை. டவுனிலிருந்து கிளம்பிய பஸ் பாதி வழியில் ஒரு தரைப்பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. பாலத்தின் மேல் செம்மண் தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. "வடியட்டும், போவோம்" என்று டிரைவர் பீடியைப் பற்றவைத்தார். என் பக்கத்து சீட்டில் ஒரு தாய், மடியில் ஐந்து வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குப் படுத்திருந்து அன்றைக்குத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் குழந்தை எதையும் சாப்பிட மறுத்தது. இட்லி, ரொட்டி, பால், கஞ்சி எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்றாம். வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாம். "சாப்ட்டாத்தான் பொழைக்கும்னு டாக்டர் சொல்றாரு. அதத் திங்கச் சொல்லி நான் எந்தச் சாமியக் கும்பிடுறது?" என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார். குழந்தையின் கை அவர் தோளில் காய்ந்த கொடி மாதிரிக் கிடந்தது.

டின்னைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அதன் கையில் வைத்தேன். சாப்பிடச் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்திருந்தது. குழந்தை பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. நகத்தால் ஒரு திராட்சையை நோண்டி எடுத்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது. வாயில் போட்டது. தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு திராட்சை. இன்னொன்று. முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நின்றார். திராட்சை எல்லாம் தீர்ந்து பிஸ்கட் சல்லடை மாதிரி ஆனதும், குழந்தை அதன் ஓரத்தை மெல்லக் கடித்தது. அப்புறம் நடுவை. கடைசியில் பாவாடையில் சிந்தியிருந்த தூளையும் விரலில் ஒற்றி நக்கிவிட்டு, என் டின்னைப் பார்த்தது. இரண்டாவது பிஸ்கட்டையும் எடுத்துக் கொடுத்தேன்.

பஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "அது என்ன பிஸ்கட்டும்மா, அதுல என்ன சத்து இருக்கு?" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார். அத்தனை நாளும் ஊர் ஊராக அலைந்து நான் எதிர்பார்த்த கேள்வி. அதுவும் ஒரு பஸ் நிறைய ஆட்கள். நார்ச்சத்து, புரதம், இரும்பு, கலோரி எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. டின்னை அப்படியே எடுத்துப் பக்கத்தில் இருந்தவர்களிடம் கொடுத்து, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அந்தத் தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குப் பதிலாக அவரே பின்சீட்டுக்காரருக்குச் சொன்னார்: "சத்து இருக்கோ இல்லையோ அண்ணே, எம் புள்ள வாயத் தொறந்துருச்சு."

கடைசியாக

அரசாங்கப் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு எனக்கு ஆர்டர் வந்தபோது, முதலாளி ஒரு டின் நிறையப் பிஸ்கட் போட்டுக் கொடுத்து, ஜெபம் செய்து வழியனுப்பினார். காதர் பாய் அந்த டின்னுக்குச் சீனியை நான் சொல்லிக்கொடுத்த அளவில் போடாமல், தன் அளவிலேயே போட்டதாக ரகசியமாகச் சொன்னார். கொஞ்ச நாளில் ஓட்ஸ் டின் கிடைப்பது அரிதாகி, அந்தப் பிஸ்கட் செய்வதையே அவர்கள் நிறுத்திவிட்டார்கள். இப்போதெல்லாம் கடைக்குப் போனால், ஓட்ஸ் பிஸ்கட் தனி வரிசையில் அடுக்கி இருக்கிறது. ஒரு பாக்கெட்டை எடுத்து முதுகைத் திருப்பிப் பார்ப்பேன், அந்தக் காலத்து மழையும் வெயிலும் நெஞ்சில் ஏறி இறங்கும்.

நாங்கள் தொண்டை வற்றச் சொன்னதையெல்லாம் இன்று பாக்கெட்டின் முதுகிலேயே பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டார்கள்; அந்த எழுத்தை, அன்றைக்கு என் பேச்சைக் கேட்ட அளவுக்குக்கூட யாரும் படிப்பதில்லை என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.